பேசத் தயங்கும் தரம் 8 பிள்ளைகளுக்கு நாடகம், இசை, சித்திரம், நடனம்: தமிழ்ப் பாடவேளைக்குள் எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி: தமிழ் ஆசிரியை, வடமராட்சி

அனைவருக்கும் வணக்கம். வடமராட்சியில் உள்ள பாடசாலை ஒன்றில் தரம் 8 இற்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். வகுப்பில் 36 பிள்ளைகள் இருக்கிறார்கள். இடைவேளையில் முற்றத்தில் அவர்கள் போடும் சத்தம் வீதி வரைக்கும் கேட்கும். மணியடித்து உள்ளே வந்தபின், "எழுந்து உமது கருத்தைச் சொல்லும்" என்று கேட்டால் முப்பது பேர் நிலத்தைப் பார்க்கிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் மனனம் செய்ததைப் பிழையில்லாமல் எழுதித் தருகிறார்கள். ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதும், பக்கத்தில் இருப்பவர் சொன்னதைக் காதில் வாங்கி அதன்மேல் தங்கள் எண்ணத்தைச் சேர்த்துச் சொல்வதும் அவர்களுக்குப் பெரிய பாடாக இருக்கிறது.

நாடகம் இதற்கு உதவும் என்று நம்பித்தான் சென்ற வருடம் தமிழ்த்தினப் போட்டிக்கு இலக்கிய நாடகம் ஒன்றைப் பழக்கினேன். இரண்டு மாதம் பாடசாலை முடிந்தபின் மறித்து வைத்துப் பழக்கியதில் வலய மட்டத்தில் இடமும் கிடைத்தது. பிறகு யோசித்துப் பார்த்தபோது மனம் சங்கடப்பட்டது. ஏற்கெனவே வடிவாகப் பேசக்கூடிய ஆறு பிள்ளைகளுக்கே வசனம் கிடைத்திருந்தது. மற்றவர்கள் மரமாகவும் படைவீரராகவும் நின்றுவிட்டுப் போனார்கள். பேச வேண்டிய பிள்ளைகளைப் பேசாத பாத்திரங்களில் நானே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எனக்குச் சங்கீதமோ நடனமோ முறையாகத் தெரியாது. கிழமைக்கு ஒரு தடவை, 40 நிமிடப் பாடவேளைகள் இரண்டைச் சேர்த்து இதற்கு ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்குவது? வகுப்பில் ஒரு பையனுக்குத் திக்குவாய் இருக்கிறது. அவனை எப்படிச் சேர்த்துக்கொள்வது? "பரீட்சைக்கு இது வருமோ?" என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: நாடகமும் அரங்கியலும் பாட ஆசிரியர், வலிகாமம்

ரீச்சர், நீங்கள் கண்ட குறை உங்களுடையது மட்டும் அன்று. போட்டி நாடகம் என்பது பார்ப்பவருக்காகச் செய்யப்படுவது. பார்ப்பவருக்கு நல்ல பொருள் கொடுக்க வேண்டும் என்றால் நன்றாகப் பேசுபவரைத்தான் முன்னால் விடுவோம். அதில் பிழை சொல்ல முடியாது. வகுப்பறை நாடகம் செய்பவருக்காகச் செய்யப்படுவது. அதற்குப் பார்வையாளரும் வேண்டாம், மேடையும் வேண்டாம், பெரும்பாலான வேளைகளில் எழுத்துப் பிரதியும் வேண்டாம். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான் எங்கள் பாடசாலைகளில் நாடகத்துக்கு நேர்ந்த பெரிய இடர் என்று நான் கருதுகிறேன்.

இது யாழ்ப்பாணத்துக்குப் புதிய சிந்தனையும் அன்று. 1978 இல் இங்கே நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். பாரதியின் பாப்பாப் பாட்டிலிருந்து தலைப்பை எடுத்து அவர் எழுதிய சிறுவர் நாடகம் 'கூடி விளையாடு பாப்பா'. கூடுதலும் விளையாடுதலும் தலைப்பிலேயே இருக்கின்றன. வெளியே பார்த்தால், இங்கிலாந்தில் டொரதி ஹீத்கோட் ஆசிரியரே பாத்திரமாக மாறி வகுப்புக்குள் நுழையும் முறையை வளர்த்தார். பிரேசில் நாட்டவரான ஒகுஸ்தோ போவால், பார்த்துக்கொண்டிருப்பவர் காட்சியை நிறுத்திவிட்டுத் தானே எழுந்து போய் அந்த இடத்தில் நடித்துப் பார்க்கும் விவாத அரங்கை உருவாக்கினார். இருவரும் வசனத்தை மனனம் செய்யச் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய தேவை ஒன்றை உண்டாக்கினார்கள்.

அந்தத் தேவைதான் முக்கியம் என்பது என் அனுபவம். "கருத்தைச் சொல்லும்" என்று நாங்கள் கேட்கும்போது பிள்ளைக்குத் தெரியும், ஆசிரியருக்கு விடை ஏற்கெனவே தெரியும் என்று. பிறகு எதற்காகச் சொல்ல வேண்டும்? எதிரே நிற்பவருக்கு உண்மையாகவே தெரியாத ஒன்று தன்னிடம் இருக்கும்போதுதான் வாய் திறக்கிறது.

நான் எல்லா வகுப்பிலும் முதலில் செய்யும் காட்சியைச் சொல்கிறேன். பிள்ளை ஒருவர் நண்பரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போய் விழுந்து, முன்சில்லை நெளித்துவிட்டார். இப்போது இதே செய்தியை மூன்று பேரிடம் சொல்ல வேண்டும்: சைக்கிளுக்குரிய நண்பரிடம், அந்த நண்பரின் தகப்பனாரிடம், சைக்கிள் திருத்தும் கடைக்காரரிடம். இருவர் இருவராக, 18 சோடிகளும் ஒரே நேரத்தில் செய்யட்டும். ஒருவரும் ஒருவரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாரும் ஒன்றாகப் பேசும்போது தன் குரல் தனியே கேட்கும் என்ற பயம் போய்விடும். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றுங்கள்.

இதில் எங்கள் பேச்சுத் தமிழே பெரிய பாடநூலாக நிற்பதைக் காண்பீர்கள். நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படிகளும் யாழ்ப்பாணத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நண்பரிடம் 'நீ', தகப்பனாரிடம் 'நீங்கள்'. தகப்பனார் திருப்பிப் பேசும்போது 'நீர்'. எந்த இடத்தில் எது என்று பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்களுக்கு அது தெரியும். ஆனால் தங்களுக்கு அது தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. காட்சி முடிந்தபின், "தகப்பனாரிடம் பேசும்போது என்ன சொல்லை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். தொடர்பாடல் பற்றிய பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதன்பின் அதே செய்தியை அதிபருக்குக் கடிதமாக எழுதச் சொன்னால் எழுத்துத் தமிழுக்கு இயல்பாக ஏறிவிடுவார்கள். தொடக்கத்திலேயே செந்தமிழில் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வாய்ப்பூட்டு முதலில் விழுவது அங்கேதான்.

ஓர் எச்சரிக்கை. இழப்பு, இடம்பெயர்வு, காணாமற்போதல் ஆகியவற்றை நீங்களாகக் காட்சிக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் 2009 இற்குப் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனாலும் அவர்களுடைய வீடுகளில் அந்தக் கதைகள் இருக்கின்றன. பிள்ளை தானாகக் கொண்டுவந்தால் மரியாதையோடு கேளுங்கள். நடித்துக் காட்டும்படி ஒருபோதும் கேட்க வேண்டாம். அந்த வேலையை அதற்கென்று பயின்றவர்கள் செய்ய வேண்டும்.

பதில் 2: சங்கீத ஆசிரியர், கூத்து மரபில் வந்தவர்

மேலே எழுதிய சேரின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். மனனத்தைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை.

எங்கள் பேரனார் கூத்தாடியவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். நூற்றுக்கணக்கான பாடல்களைக் கேட்டுக் கேட்டே நெஞ்சில் வைத்திருந்தார். ஊரில் வழக்கு வாதம் என்று வந்தால் அவரைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். மனனம் செய்த பாட்டுகளிலிருந்து சொல்வளமும், மூச்சை எங்கே எடுப்பது என்ற பழக்கமும், சபைக்கு அஞ்சாமையும் அவருக்கு வந்தன. ஆகவே குற்றம் மனனத்தில் இல்லை. பொருள் விளங்காமல், ஒருவரையும் நோக்காமல் ஒப்புவிப்பதில்தான் இருக்கிறது.

கூத்தில் உங்களுக்கு உதவக்கூடிய இரண்டு விடயங்கள் உண்டு. முதலாவது பிற்பாட்டு. ஆடுபவர் தருவை, அதாவது தமது கூத்துப் பாடலை, பாடி முடிக்கும்போது பின்னால் நிற்பவர்கள் அதே அடியை எடுத்துப் பாடுவார்கள். பாடியவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும். குரல் தளர்ந்தாலும் கூட்டம் தாங்கிக்கொள்ளும். பயந்த பிள்ளைக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் எதுவும் இல்லை. இரண்டாவது வரவு. கூத்தில் எந்தப் பாத்திரமும் சும்மா வந்து நிற்பதில்லை. தான் யார், எப்படிப்பட்டவர், என்ன காரியமாக வருகிறார் என்று பாடிக்கொண்டே களரிக்குள், அதாவது ஆடும் களத்துக்குள், நுழையும். உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று நான்கு அடியில் வரவு கட்டட்டும். காத்தவராயன் கூத்தின் சிந்துநடை மெட்டுகள் எங்கள் ஊர்களில் பலருக்கும் காதிலே பழகியவை. ரீச்சர் சங்கீதம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை, வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை எடுத்துக் கொடுக்கும். மேசையில் தட்டினால் தாளம் வந்துவிடும். ஒருவர் தமது வரவைப் பாடி வர, மற்ற 35 பேரும் கடைசி அடியைப் பிற்பாட்டாகப் பாட வேண்டும். அதற்கு அந்த அடியைக் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? கேட்டலை இப்படித்தான் பழக்கலாம். "கவனியுங்கள், கவனியுங்கள்" என்று சொல்லிப் பழக்க முடியாது.

மாணவர்களின் காலத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கூத்தை மாற்றுவது குற்றமோ என்று சிலர் கேட்பார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு, விடிய விடிய ஆடப்பட்ட கூத்துகளைச் சுருக்கி 'கர்ணன் போர்' முதலியவற்றை மேடையேற்றினார். மரபு அதனால் அழியவில்லை. படித்தவர்கள் ஒதுக்கி வைத்திருந்த கலைக்கு மதிப்புத்தான் கூடியது.

திக்குவாய் உள்ள தம்பியைப் பற்றி: திக்குகிறவர்களில் பெரும்பாலானோர் பாடும்போதும், பலரோடு ஒரே குரலில் சொல்லும்போதும் தடையில்லாமல் சொல்வார்கள். ஆகையால் பிற்பாட்டிலும் கூட்டு வாசிப்பிலும் அவர் முழு ஆளாக நிற்கலாம். ஆனால் பாட்டு திக்குவாயை மாற்றிவிடும் என்று அவருக்கோ வீட்டாருக்கோ நம்பிக்கை கொடுக்க வேண்டாம். தனியே பேசும்போது தடை திரும்பவும் வரும், அப்போது பிள்ளை இரட்டிப்பாக உடைந்துபோகும். பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டும்படி வீட்டாருக்குச் சொல்லுங்கள். வகுப்பில் அவர் பேசும்போது சொல்லை எடுத்துக் கொடுக்காமல், முடிக்கும் வரை காத்திருக்க மற்றவர்களைப் பழக்குங்கள். அந்தக் காத்திருப்பை அவர்கள் வேறெங்கும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

பதில் 3: நடன ஆசிரியை, யாழ்ப்பாணம் நகர்

என் துறையைப் பற்றி நானே கொஞ்சம் கடுமையாக எழுதப் போகிறேன். நடனம் படிக்கும் பிள்ளைக்குத் தொடர்பாடல் தானாக வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒற்றைக் கை முத்திரைகள் 28 ஐயும் வரிசையாகப் பிடித்துக் காட்டுகிற, நவரசத்தையும் முகத்தில் கொண்டுவருகிற என்னுடைய மாணவி ஒருவரிடம், அவர் ஆடிய பதம் (அபிநயத்துக்குரிய பாடல்) ஒன்றைக் காட்டி, "இந்தப் பதத்தில் தலைவிக்கு ஏன் கோபம்?" என்று கேட்டேன். அவர் பதில் இல்லாமல் நின்றார். முத்திரையும் சொல்லைப் போன்றதுதான். யாருக்கு, எதற்காக என்பது இல்லாவிட்டால் அதுவும் ஒப்புவித்தலே.

ரீச்சருக்கு அடவும் முத்திரையும் வேண்டியதில்லை. தமிழ்ப் பாடத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. பரீட்சைக்கு மனனம் செய்யும் இந்தப் பட்டியலை உடம்பில் ஏற்றிப் பாருங்கள். "அண்ணா வந்திட்டார்" என்ற ஒரே வசனத்தை ஒரு பிள்ளை எட்டில் ஏதாவது ஒரு மெய்ப்பாட்டோடு சொல்லட்டும். மற்றவர்கள் எது என்று கண்டுபிடிக்கட்டும். நகைக்கும் உவகைக்கும் இடையில் பிள்ளைகள் வாதாடத் தொடங்குவார்கள். இளிவரலை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் அகராதியைத் தேடுவார்கள். பிறகு குரலை எடுத்துவிட்டு உடம்பால் மட்டும், அதன்பின் உடம்பை மறைத்துக் கதவுக்குப் பின்னால் நின்று குரலால் மட்டும் செய்யச் சொல்லுங்கள். எந்த உணர்ச்சி எங்கே தங்கியிருக்கிறது என்று அவர்களாகவே கண்டுகொள்வார்கள்.

கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சுத்திறன் பயிற்சிகளில் "எதிரே இருப்பவரின் கண்ணை நேரே பார்த்துப் பேசு" என்று விதியாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் வீடுகளில் மூத்தவரோடு கதைக்கும்போது பார்வையைத் தாழ்த்துவது பணிவு. பிள்ளையின் அந்தப் பழக்கத்தைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று எடைபோட்டுவிட வேண்டாம். யாரோடு பேசும்போது எங்கே பார்க்கலாம் என்பதையும் சைக்கிள் காட்சியிலேயே பேசு பொருளாக்கலாம்.

பதில் 4: சித்திர ஆசிரியர், தென்மராட்சி

சுருக்கமாக எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகாக இருத்துங்கள். ஒருவரிடம் ஒரு படம்: கிடுகு வேலி, படலை, கிணறு, துலா, பனைமரம் உள்ள வளவு. அவர் சொல்லச் சொல்ல, பார்க்காமல் மற்றவர் வரைய வேண்டும். முதல் தடவை எல்லாரும் "அங்கால, இஞ்சால" என்று கையைக் காட்டித்தான் சொல்வார்கள். முதுகுக்குக் கண் இல்லை என்று உடனே விளங்கிவிடும். அதன்பின் "படலைக்கு இடப்பக்கம், ஒரு விரல் அகலம் தள்ளி" என்று சொற்கள் தாமாக வரும். வரைபவரைக் கேள்வி கேட்க முதல் தடவை விடாதீர்கள், இரண்டாம் தடவை விடுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி கேட்பதன் பெறுமதி கண்ணுக்கே தெரியும்.

சித்திரத்தால் இன்னொரு நன்மை உண்டு. என் வகுப்பில் வாயே திறக்காத, கடற்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன் வள்ளமும் கரைவலையும் வரைந்தான். "இந்த வள்ளம் எங்கே போகிறது?" என்று கேட்டேன், பதில் இல்லை. "பாய் இந்தப் பக்கம் புடைத்திருக்கிறதே, காற்று வாடையா?" என்று வேண்டுமென்றே பிழையாகக் கேட்டேன். தாங்க முடியாமல் அவன் திருத்தினான்: அது சோளகம் என்றும், சோளகத்துக்குக் கடல் எப்படி இருக்கும் என்றும் பத்து நிமிடம் சொன்னான். பிள்ளைக்குத் தெரிந்ததை நாங்கள் தெரியாமல் நின்று கேட்க வேண்டும்.

பதில் 5: ஓய்வுபெற்ற அதிபர், தீவகம்

மகள், மேலே எழுதியவர்கள் என்ன செய்வது என்று சொல்லிவிட்டார்கள். அதை ஒரு பாடசாலைக்குள் எப்படிச் செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சத்தம். 18 சோடிகள் ஒன்றாகக் கதைத்தால் பக்கத்து வகுப்பில் கணிதம் படிப்பிக்க முடியாது. அந்த ஆசிரியரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டு, மண்டபத்தையோ வேப்பமர நிழலையோ கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல முயற்சிகள் பல, பிள்ளைகளால் அல்ல, விறாந்தையில் எழுந்த மனக்கசப்பால்தான் நின்றுபோயிருக்கின்றன.

அடுத்தது புள்ளி. இதற்குப் புள்ளி போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். நன்றாகப் பாடியவர், நன்றாக நடித்தவர் என்று போடத் தொடங்கினால் பழைய ஆறு பேரும் திரும்ப முன்னுக்கு வந்துவிடுவார்கள். ஒரு கொப்பியில் பெயர்களை எழுதிவைத்து, ஒவ்வொரு கிழமையும் நாலைந்து பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள்: தானாகத் தொடங்கிப் பேசினாரா, மற்றவர் சொன்னதைத் தொட்டுப் பேசினாரா, விளங்காதபோது கேட்டாரா. இந்த மூன்றும் போதும். தவணை முடிவில் அந்தக் கொப்பி உங்களுக்கே பல புதினங்களைச் சொல்லும்.

பெற்றோரைப் பொறுத்தவரை, பரிசளிப்பு விழாவுக்கு அழைத்து மேடையில் காட்ட வேண்டாம். ஒரு நாள் வகுப்புக்கே வரச் சொல்லி, முதுகோடு முதுகாக வரையும் விளையாட்டில் தாயையும் பிள்ளையையும் சோடியாக இருத்துங்கள். "பரீட்சைக்கு வருமோ?" என்ற கேள்விக்கும் நேரான பதில் இருக்கிறது. சொந்தமாக யோசித்துச் சொல்லப் பழகிய பிள்ளை, தெரியாத தலைப்பில் கட்டுரை வந்தாலும் எழுதும். மனனம் செய்த பிள்ளை படித்த தலைப்பு வராவிட்டால் பேனாவை வைத்துவிட்டு இருக்கும். நான் விடைத்தாள் திருத்திய காலத்தில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி, மூன்று கிழமைக்குப் பின்

பதில் எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மெய்ப்பாட்டு விளையாட்டு முதல் நாள் எனக்குச் சரிவரவில்லை. சில பையன்கள் ஊரிலுள்ள ஒருவரின் நடையையும் பேச்சையும் பழித்துக் காட்டத் தொடங்கினார்கள். வகுப்பு முழுவதும் சிரித்தது, அந்த மனிதரின் உறவுக்காரப் பிள்ளை அழுதுவிட்டாள். நான் நிறுத்திவிட்டேன். அடுத்த நாள், உண்மையான ஆளை நடித்துக் காட்டுவதில்லை என்பதைப் பிள்ளைகளே விதியாக எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். தொடக்கத்திலேயே அந்த விதியைச் செய்திருக்க வேண்டும் என்று இப்போது விளங்குகிறது. இதைச் செய்யப் போகிறவர்கள் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

வரவுப் பாட்டு எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. 36 பேரில் 31 பேர் கட்டிவிட்டார்கள். திக்குவாய் உள்ள தம்பி தனியே பாட விரும்பவில்லை. பிற்பாட்டுக்குத் தலைமை தாங்குவதாகக் கேட்டு எடுத்துக்கொண்டார். மேசையில் தாளம் போடுவதும் அவர்தான். வீட்டாரோடும் கதைத்திருக்கிறேன்.

சைக்கிள் காட்சியைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். இந்த வருடம் முழுவதும் என்னிடம் "ஓம் ரீச்சர்" தவிர வேறு எதுவும் சொல்லாத மாணவி ஒருவருக்குத் தகப்பனார் பாத்திரம் போனது. எதிரே நின்ற பிள்ளை நீளமாகச் சாட்டுகள் ஆயத்தம் செய்து வைத்திருந்தாள்: வீதியில் பள்ளம், குறுக்கே ஓடிய நாய், பிடிக்காத பிரேக். அவள் தொடங்க முன்னரே இந்த மாணவி ஓரடி முன்னே வந்து, "சைக்கிள் கிடக்கட்டும் பிள்ளை, உமக்கு எங்கையும் அடிபட்டதே?" என்று கேட்டார். எதிரே நின்றவளுக்கு ஆயத்தம் செய்த ஒன்றும் வாயில் வரவில்லை; முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். பக்கத்துச் சோடிகள் தாங்களாகவே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை கடைக்காரர் காட்சி. அதற்கும் அந்த மாணவியையே கடைக்காரராக விடும்படி பிள்ளைகள் கேட்கிறார்கள். அவரிடம் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.